நாற்பத்தெட்டும் நாற்பத்தாறும்



நாவலப்பிட்டியில் ஒரு தை மாதத்தில், மகனைப் பாடசாலையிற் சேர்க்க வந்தாள் ஒரு தாய். சிறுவனின் முகம் அகன்றிருந்தது; கண்கள் சற்றே மேல்நோக்கிச் சரிந்திருந்தன; புன்னகை மட்டும் மாறவில்லை. தான் கருவுற்றிருந்த காலத்தில் கிரகணத்தன்று வெளியே சென்றதே காரணமென உற்றார் பழிப்பதாகச் சொல்லிக் கண் கலங்கினாள். கலைப் பட்டதாரியாகிய எனக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர் நூல்களிலே தேடியபோதுதான், அவ்விடை கிடைப்பதற்கு முன் உலகம் ஓர் எண்ணிக்கைப் பிழையைத் திருத்த வேண்டியிருந்தது என்பதை அறிந்தேன்.

நம் உடற் கலங்களின் கருவினுள்ளே, பரம்பரை இயல்புகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் என்னும் நுண்ணிழைகள் உள்ளன. மனிதனுக்கு அவை எத்தனை? அமெரிக்காவிலே டெக்சாஸ் பல்கலைக்கழகத்துப் பெயின்டர் என்பார் 1921இல் தெளிவான கலங்களில் நாற்பத்தாறையே கண்டார். ஆயினும் ஐயத்தோடு ஆராய்ந்து, 1923இல் நாற்பத்தெட்டு என முடிவு கட்டினார். அன்று முதல் பாடநூல்கள் யாவும் அதையே ஓதின. எங்கள் பாடசாலை அலுமாரியில் உள்ள பழைய நூலொன்றில் இன்றும் நாற்பத்தெட்டுத்தான்!

பின்னர் நேர்ந்ததுதான் வியப்பு. சுவீடனில் ஓர் ஆய்வுக் குழுவினர் கருச்சிசுவின் ஈரற் கலங்களை ஆராய்ந்தனர். மீண்டும் மீண்டும் நாற்பத்தாறே வந்தது. எஞ்சிய இரண்டையும் காணமுடியவில்லையே எனத் தம் கண்களையே ஐயுற்று, ஆய்வை இடைநிறுத்தினர். அச்சிட்ட எண்ணுக்கு அத்துணை அதிகாரம்! மாணவரை மனனஞ் செய்யுமாறு ஏவும் எம்போன்ற ஆசிரியரும் இதில் குற்றவாளிகளே.

பிழை தீர்ந்தது சுவீடனின் லுண்ட் நகரிலே. ஜாவாவிற் பிறந்த ஜோ ஹின் டிஜியோ, தாவரக் கலங்களை ஆராய்ந்து பழகிய ஆல்பர்ட் லெவான் ஆகிய இருவரும் கருச்சிசுவின் நுரையீரற் கலங்களை வளர்த்தனர். உப்புச் செறிவு குறைந்த கரைசலில் இட்டால் கலம் வீங்கி, நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று பின்னாமல் விலகி நிற்கும். கொல்கிசின் என்னும் நஞ்சோ கலப்பிரிவை நடுவழியிலே நிறுத்திவிடும். நம் ஊர் வேலிகளிற் படரும் கார்த்திகைப் பூவின் கிழங்கிலும் உள்ள நஞ்சுதான் அது. 1955 டிசம்பரில் டிஜியோ எண்ணினார்: நாற்பத்தாறு. 1956இல் முடிவு வெளியாயிற்று. அதே ஆண்டில் இங்கிலாந்திலே ஃபோர்டு, ஹேமர்டன் இருவரும் விந்துக்கலங்களை உண்டாக்கும் ஒடுக்கற்பிரிவை நோக்கி, இருபத்து மூன்று சோடிகளைக் கண்டு அதனை உறுதிசெய்தனர்.

சரியான தொகை தெரிந்த பின்னரன்றோ மிகுதியும் குறைவும் புலப்படும்! 1959இல் பாரிசிலே, அத்தாயின் மகனைப் போன்ற குழந்தைகளின் கலங்களில் நாற்பத்தேழு நிறமூர்த்தங்கள் இருப்பது வெளியாயிற்று. இருபத்தோராம் எண்ணுடையது இரண்டுக்குப் பதிலாக மூன்று. அக்கலங்களை வளர்த்து வழிகாட்டியவர் மார்த் கோத்தியே என்னும் பெண் மருத்துவர். கட்டுரையிலோ லெஜூனின் பெயர் முதலிடம் பெற்றது. அவர் பெயர் இரண்டாவதாய், அதுவும் பிழையாய் அச்சாயிற்று. அவர் 2022இல் மறைந்தார்.

அந்த மேலதிக இழை பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? பெண்ணின் சூல்களில் ஒடுக்கற்பிரிவு, அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி இடையில் நின்றுவிடுகிறது. அவள் பருவமெய்திய பின், மாதந்தோறும் ஓமோனின் ஏவலால் ஒரு சூல் அதனைத் தொடர்கிறது. பல்லாண்டு காத்திருந்த அச்சூலில், சோடியாய் நிற்கும் இழைகள் சிலவேளை பிரியாமலே சென்றுவிடும். வயது ஏற ஏற இது நேரும் வாய்ப்பும் ஏறும், இளந்தாயருக்கும் நேர்வதுண்டு. கிரகணத்துக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை.

அடுத்த தவணையில் அத்தாய் மீண்டும் வந்தபோது, ஒரு தாளிலே இருபத்து மூன்று சோடிக் கோடுகளை வரைந்து, ஒன்றன் அருகே மூன்றாவது கோட்டையும் இட்டுக் காட்டினேன். அவள் அத்தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மாமியாரிடம் காட்ட வேண்டும் என்றாள்.