மடற்குழு முகவரி மேலாண்மை

மடற்குழு முகவரி மேலாண்மை என்பது, கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றின் மின்னஞ்சல் குழுக்களுக்குரிய முகவரிகளையும் உறுப்பினர் பட்டியலையும் உருவாக்கிப் பராமரிக்கும் பணியாகும்.

பயன்பாட்டைப் பொறுத்து இக்குழுக்கள் அறிவிப்பு, பயனர் உதவி, நிரலாக்கம், பாதுகாப்பு எனப் பிரிக்கப்படுகின்றன. முதன்மை முகவரிக்கு வரும் மடல் உறுப்பினர் அனைவருக்கும் செல்லும். நிர்வாகத்துக்குத் துணை முகவரிகள் உண்டு: 'ரிக்வெஸ்ட்' ஒட்டுடைய முகவரி சேர்தல், விலகல் கட்டளைகளைப் பெறும், 'ஓனர்' நிர்வாகியைச் சேரும், 'பவுன்சஸ்' திரும்பிவரும் மடல்களை ஏற்கும். 'ரிக்வெஸ்ட்' மரபை 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2142 என்னும் இணைய நெறிமுறை ஆவணம் நெறிப்படுத்தியது.

பிறர் முகவரியைப் பதிவதைத் தடுக்க, சேர விரும்புவோருக்கு உறுதிப்படுத்தும் மடல் அனுப்பப்படுகிறது. தொடர்ந்து மடல் திரும்பும் முகவரிக்கு அனுப்புதல் நிறுத்தப்பட்டு, பின்னர் அது நீக்கப்படுகிறது. உறுப்பினரல்லாதோரின் மடல்கள் மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்காக நிறுத்திவைக்கப்படலாம்.

பட்டியலைத் தானே நிர்வகிக்கும் லிஸ்ட்செர்வ் மென்பொருளை எரிக் தாமஸ் 1986இல் பாரிசில் உருவாக்கினார். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மடற்குழு மென்பொருளான குனு மெயில்மேன், 2015இல் 3.0 பதிப்பைக் கண்டது. தமிழ்நாட்டில், 1998 முதல் இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மடற்குழு, சென்னை ஐஐடி வழங்கியில் மெயில்மேன் வழியே நடந்து, பின்னர் ஃப்ரீலிஸ்ட்ஸ் சேவைக்கு மாறியது.

பொதுக் காப்பகத்தில் உறுப்பினர் முகவரிகள் எரிதம் அனுப்புவோரிடம் சிக்காதபடி மறைத்தல், வழங்கி மாறும்போது பட்டியலைப் பிழையின்றிப் பெயர்த்தல் ஆகியவையும் இப்பணியில் அடங்கும்.