தோட்டமும் கம்பமும்: சட்டம் நின்ற வாசல்

மலேசியத் தமிழ் முதியவர் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால், பெயருக்கு அடுத்தபடியாக எழும் வினா "எந்தத் தோட்டம்?" என்பதாகும். தமிழ்நாட்டில் "எந்த ஊர்?" என்று கேட்கும் இடத்தில் இங்கே இவ்வினா வந்து அமர்ந்துகொண்டது. கிளைமொழித் தரவு திரட்டச் சென்ற இளமைக் காலத்தில் இதனைச் சொற்பொருள் விரிவுக்கு ஒரு நல்ல சான்று என்று குறித்துக்கொண்டதோடு நிறுத்திவிட்டேன். பிறந்ததும், மணந்ததும், பெற்றோரைப் புதைத்ததும் அங்கேதான் என்பதால் மக்கள் வழக்கில் தோட்டம் ஊராயிற்று. நாட்டின் சட்டமொழியிலோ அது ஊராகவே இல்லை. அங்கே அதன் பெயர் வேலையிடம். அதன் நிலம் தனியார் உடைமை. இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட தொலைவில் எத்தனை சட்டங்களும் எவ்வளவு பொதுப்பணமும் நின்றுபோயின என்பதே இவ்வுரையின் பொருள்.

பிரிஞ்சாங்கிலிருந்து தொடங்குவோம். நகரைக் கடந்து வடக்கே மலையேறினால் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகள் வந்துவிடும். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டு எழுதிய பின்னரும் அது நெடுங்காலம் காடாகவே கிடந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தோட்டத்தைத் தொடங்கியதோடு இங்கே தேயிலையின் காலம் பிறக்கிறது. கொழுந்து பறிக்கவும் சாலை வெட்டவும் தமிழ்த் தொழிலாளர் மலையேறினர். அவர்களை ஆளவேண்டிய சட்டம் அவர்களுக்கு முன்பே தயாராக இருந்தது. பகாங் கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்று. ஆகவே அக்கூட்டமைப்பின் தொழிலாளர் சட்டம் இம்மலைக்கும் உரியதாயிற்று.

1912இல் வந்து 1923இல் விரித்து எழுதப்பட்ட அச்சட்டம் தமிழ்ப்பள்ளி வரலாற்றைப் படிப்போர் அனைவருக்கும் தெரிந்ததே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்டத்தில் ஒரு பள்ளி அமைக்கப்பட வேண்டும் என்றது அது. இதனை நாம் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறோம். இலக்கணக் கண்கொண்டு அதைப் படித்தால் வேறொன்றும் புலப்படும். வாக்கியத்தின் எழுவாய் அரசு அன்று, பெற்றோரும் அல்லர், தோட்ட உரிமையாளரே. கடமை அவருடையது, செலவும் அவருடையது. எப்படிப்பட்ட கட்டடம், எவ்வளவு படித்த ஆசிரியர் என்ற வினாக்களுக்குச் சட்டத்தில் பெரிதும் விடையில்லை. விளைவு நாம் அறிந்ததே. லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை. ஓய்ந்த நேரத்தில் பாடம் சொல்ல ஒரு கங்காணி அல்லது கிராணி. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததாகக் கணக்கில் ஏறிவிட்டது, கல்வி ஏறவில்லை.

கங்காணி என்ற சொல்லின் வேர் கண்காணித்தல். தொழிலாளியைக் கண்காணிக்க ஒருவருக்குச் சொல்லும் பதவியும் ஊதியமும் இருந்தன. சட்டம் நடக்கிறதா என்று கண்காணிப்பவர்க்குத் தோட்டப் பேச்சுவழக்கில் அப்படி வேரூன்றிய ஒரு சொல்லை நான் பதிவு செய்ததில்லை.

கண்காணிப்பே இல்லை என்று கூறுவது பிழையாகும். தொழிலாளர் துறைக்கு அதிகாரிகள் இருந்தனர். 1920களிலிருந்து இந்திய அரசின் முகவர் ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்து, தோட்டங்களைப் பார்வையிட்டு ஆண்டறிக்கை எழுதினார். 1936ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1938இல் தொழிலாளரை உதவித்தொகையோடு மலாயாவுக்கு அனுப்புவதை இந்தியா தடை செய்தது. ஆயினும் இந்த அறிக்கைகள் யாவும் ஓர் அரசு மற்றோர் அரசுக்கு ஆங்கிலத்தில் பேசியவை. எவரைப் பற்றி எழுதப்பட்டனவோ அவருக்கு அவற்றைப் படித்துக் காட்டியவர் இல்லை.

விடுதலைக்குப் பின் காட்சி மாறியிருக்க வேண்டும். மாறவும் செய்தது, தோட்ட வேலிக்கு வெளியே. 1960இல் துன் அப்துல் ரசாக் ஊரக மேம்பாட்டுக்கென 'சிவப்புப் புத்தகம்' என்ற திட்ட முறையை அறிமுகப்படுத்தினார். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பெரிய அளவிலான ஒரு புத்தகம்; அதில் மாவட்ட வரைபடம்; அதன்மேல் சாலைக்கு ஒரு தாள், குடிநீருக்கு ஒரு தாள், பள்ளிக்கு ஒரு தாள் என ஒளி ஊடுருவும் தாள்கள். கம்பத்தின் தேவை கம்பத்திலிருந்தே எழுந்து மாவட்ட அலுவலகத்தை அடையும். பணி எவ்வளவு முடிந்தது என்பதை 'நடவடிக்கை அறை'யின் சுவர்களில் குறித்து வைப்பார்கள். அமைச்சரே முன்னறிவிப்பின்றி வந்து நின்று, சுவரில் உள்ளதும் மண்ணில் உள்ளதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். ஆசிய நாடுகளின் பொதுச்செலவு வரலாற்றில் இது தனித்துப் பேசத்தக்க முறை. அதன் சிறப்பைக் குறைத்துக் கூற எனக்கு எண்ணமில்லை.

ஆனால் அந்தப் புத்தகம் தொடங்கும் சொல் கம்பம். கம்பத்துக்குத் தலைவர் உண்டு, பெங்ஹுலு உண்டு, மேம்பாட்டுக் குழு உண்டு. தோட்டத்துக்கு இருந்தவர் துரை ஒருவரே. தேவை கேட்டு மனு எழுதும் ஊரார் என்ற தகுதி லயத்து மக்களுக்கு இல்லை. வரைபடத்தில் தோட்டம் உண்டு. விண்ணப்பிப்போர் வரிசையில் அது இல்லை. தார்ச்சாலையும் குழாய்நீரும் மின்கம்பியும் கம்பங்களை நோக்கிச் சென்ற ஆண்டுகளில், நாட்டின் பல தோட்டங்களில் நிர்வாகத்தின் மின்னாக்கி அந்தியில் சில மணி நேரம் ஓடி அடங்கியது.

இதே மலையில் ஓர் ஒப்பீடு கண்ணெதிரே கிடக்கிறது. அவசரகாலத்தில், 1950இன் பிரிக்ஸ் திட்டப்படி, ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். கேமரன் மலையின் திரிங்காப், கோலா தெர்லா போன்றவை அவ்வகையைச் சேர்ந்தவை. முள்வேலியும் ஊரடங்கும் சூழ்ந்த கட்டாயக் குடியேற்றம் அது. அதன் துயரத்தை மறக்கலாகாது. எனினும் வேலி அகன்றபோது அங்கே எஞ்சியது ஓர் ஊர். தோட்டங்களிலும் லயங்கள் பாதுகாப்புக்காக ஒருங்கே திரட்டப்பட்டன. அங்கே அதைச் செய்தது நிர்வாகம். வேலி அகன்றபின் எஞ்சியதும் தோட்டமே.

ஒரு மறுப்பு எழும். தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைச் செலவிட்டால், நிறுவனம் தன் கையிலிருந்து செய்யவேண்டியதை மக்கள் வரிப்பணத்தில் முடித்துக்கொள்ளாதா? நேர்மையான வினா இது. இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. ஆனால் இந்த நியாயம் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் கனத்தது. உரிமையாளர் செய்வார் என்று அரசு விலகிற்று. சட்டம் கேட்ட அளவோடு உரிமையாளர் நின்றார். நல்ல நிர்வாகி வாய்த்த தோட்டம் செழித்தது. அத்தகையோர் இருந்தனர் என்பதை நான் கேட்டும் கண்டும் அறிவேன். சட்டத்தின் பயன் ஒருவருடைய குணத்தைப் பொறுத்து அமைந்ததுதான் குறை.

பள்ளிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1957க்குப் பிறகு ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. பள்ளி நின்ற நிலமோ தோட்டத்துக்குரியது. ஆகவே பல தமிழ்ப்பள்ளிகள் 'பகுதி உதவி' பெறும் பள்ளிகளாகவே நீடித்தன. கரும்பலகைக்கு முன் நிற்பவருக்கு அரசு சம்பளம் கொடுக்கும். கரும்பலகை சாய்ந்திருக்கும் சுவருக்குக் கொடுக்கத் தயங்கும். தோட்டத் துண்டாடல் வந்தபோது நிலத்தோடு பள்ளியும் ஆட்டம் கண்டது. விடுதலை ஆண்டில் 888 என்று சொல்லப்படும் தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றிருபதுக்குச் சற்றே மேல். இணைப்பு, இடப்பெயர்வு, மக்கள்தொகை எனக் காரணங்கள் பல. நிலவுரிமை அவற்றுள் முதல் வரிசையில் நிற்பது. சுங்கை பாலாஸ், 'போ', புளூ வேலி ஆகியவற்றின் பள்ளிப் பெயர்ப்பலகைகளில் இன்றும் தோட்டம் என்ற சொல் இருக்கிறது.

இலங்கையில் இதே கதை வெளிப்படையாகச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. மலையகத் தமிழர் வாக்களித்தனர், உறுப்பினராயினர், தவிசாளராகவும் அமர்ந்தனர். தமக்கு வாக்களித்த லயத்துப் பாதைக்குச் சபையின் பணத்தை ஒதுக்க அவர்களால் இயலவில்லை. நெடிய போராட்டத்துக்குப் பின் 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. எழுதப்பட்ட தடைக்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் குறிப்பிட்டுப் போராடலாம். இங்கே நம் நாட்டில் அப்படி ஒரு பிரிவை எவரும் எழுதவில்லை. கம்பம் என்ற சொல்லின் எல்லைக்குள் தோட்டம் வராததே போதுமானதாயிற்று. அதனால்தான் மாணவர்களிடம் சொல்கிறேன்: ஒரு சட்டத்தை ஆராயப் புகுவோர் தண்டனைப் பிரிவுக்கு முன்பு பொருள்வரையறைப் பிரிவைப் படிக்க வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்பது பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பேச்சுப்பதிவு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு தோட்டத்தில் முதிய பெண்மணி ஒருவரிடம், வீடு, குழாய், ஆயாக்கொட்டகை எல்லாம் எப்போது வந்தன என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் "தொரை போட்டுக் குடுத்தாரு" என்றே விடை வந்தது. அவற்றுள் சில சட்டப்படி அவருக்கு உரியவை. 1966இல் தொழிலாளர் வீட்டுத் தரத்துக்கு ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 1990இல் விரிவான 446ஆம் சட்டமும் வந்திருந்தன. வீடு, நீர், குழந்தைக் காப்பகம் எனத் தோட்டம் தரவேண்டியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. உரிமை அவர் வாயில் கொடையாக மாறியிருந்தது. அன்று நான் கவனித்தது 'கொடுத்தார்' என்பது 'குடுத்தாரு' என ஒலித்ததை மட்டுமே. என் ஆய்வேட்டில் அந்த உயிரொலி மாற்றத்துக்கு இடம் கிடைத்தது; மற்றதற்கு இல்லை.

446ஆம் சட்டமும் முதலாளியை விளித்தே பேசுகிறது. வேலையிலிருக்கும் தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்தோருக்குமே வீடு தரச் சொல்கிறது. வேலை முடிந்தால் அந்தச் சொல்லின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறோம். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவருக்கு ஓய்வுநாள் வீட்டைக் காலிசெய்யும் நாளுமாயிற்று. தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு என்ற கோரிக்கை தொழிற்சங்க மேடைகளில் இத்தனை காலம் ஒலிப்பதன் காரணம் இதுவே.

2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த வடிவில், இச்சட்டம் தோட்டங்களைத் தாண்டி, தங்குமிடம் தரும் பிற துறை முதலாளிகளுக்கும் விரிந்தது. தங்குமிடத்துக்குத் தொழிலாளர் துறையின் சான்றிதழும் தேவையாயிற்று. இன்று பிரிஞ்சாங் சரிவுகளில் கொழுந்து எடுப்போரில் பலர் வங்காளதேசத்தினரும் நேப்பாளத்தினரும். சான்றிதழ் அலுவலகச் சுவரில் தொங்கலாம். அதில் எழுதியிருப்பதை அவர்களுள் எவருக்கேனும் வங்காளத்திலோ நேப்பாளத்திலோ யாராவது படித்துக் காட்டினார்களா என்று, அடுத்த முறை மலையேறும்போது கேட்க எண்ணியிருக்கிறேன்.