லூர்து என்னும் பெயர்

மயிலாப்பூரில் லஸ் என்னும் இடத்தை அறியாத சென்னைவாசி அரிது. அது ஓர் அன்னையின் பெயர் என்பதை அறிந்தவர்களோ சிலரே. போர்த்துகீசியர் அங்கு எழுப்பிய ஆலயத்தின் அன்னையை ‘ஒளியின் அன்னை’ என்று அழைத்தனர். அவர்கள் மொழியில் ஒளிக்கு ‘லூஷ்’ என்று பெயர். ஆலயத்துக் கல்வெட்டு 1516-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. நாம் அந்த அன்னையைப் பிரகாச மாதா என்று போற்றுகிறோம். போர்த்துகீசிய மக்கள் தம் பெண் குழந்தைகளுக்கும் அப்பெயரைச் சூட்டுவதுண்டு. அவர்கள் எழுதிய எழுத்தை ஆங்கில முறையில் வாசித்து நாம் ‘லஸ்’ ஆக்கிக்கொண்டோம். எழுத்து நிலைத்தது, ஒலி மாறியது, பொருள் மறந்தே போயிற்று.

இடப்பெயருக்கு நேர்ந்த இந்நிலை நம் பெண்மக்களின் பெயர்களுக்கும் நேர்ந்துள்ளது. திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டிப் பங்கு அலுவலகங்களுக்கு வரும் இளம்பெண்கள் சிலரின் கைகளில் பல தாள்கள் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் பெயர் ஒரு விதமாகவும், ஆதார் அட்டையில் வேறு விதமாகவும், திருமுழுக்குப் பதிவேட்டில் இன்னொரு விதமாகவும் காணப்படும். ‘அந்தக் காலத்தில் தவறாக எழுதிவிட்டார்கள்’ என்று அவர்கள் மனம் வருந்துவர். ஆனால் அவற்றுட் பல தவறுகளே அல்ல. அவை நம் முன்னோர் விசுவாசம் பெற்ற வரலாற்றின் சுவடுகள்.

திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் திருமணப் பதிவேட்டையும் திருமுழுக்குப் பதிவேட்டையும் பங்குக் குருக்களின் கடமையாக்கியது. அவற்றை இலத்தீனில் எழுதுவதே நெடுங்கால வழக்கம். நம் பகுதியில் எழுதுகோல் பிடித்த கைகளோ பல நாட்டுக் கைகள். மயிலை மறைமாவட்டம் 1606-இல் போர்த்துகீசிய ஆதரவில் நிறுவப்பட்டது. சென்னைக் கோட்டைப் பகுதியில் 1642 முதல் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியர் பணியாற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரிஷ் ஆயர்கள் வந்தனர். சென்னையும் மயிலையும் ஒரே உயர்மறைமாவட்டமாக இணைந்தது 1952-இல்தான். தாய் தமிழில் சொன்ன பெயரை ஒருவர் போர்த்துகீசியச் செவியாலும், ஒருவர் பிரெஞ்சுச் செவியாலும், மற்றொருவர் ஆங்கிலச் செவியாலும் கேட்டு எழுதினால், ஒரே பெயர் பல உருக்கொள்வதில் வியப்பென்ன?

எடுத்துக்காட்டாக லூர்து என்னும் பெயரை நோக்குவோம். 1858-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமிக்கு அன்னை முதன்முறையாகக் காட்சியளித்த ஊர் அது. பிரெஞ்சுக் குருக்கள் வழியாக அந்தப் பக்தி தமிழகம் வந்தது. புதுச்சேரிக்கு அருகில் வில்லியனூரிலும், சென்னையில் பெரம்பூரிலும் லூர்து அன்னைக்குத் திருத்தலங்கள் அமைந்தன. வீடுதோறும் லூர்து மேரிகள் பிறந்தனர்.

பிரெஞ்சு மொழியில் இவ்வூர்ப் பெயரின் கடைசி எழுத்தாகிய ‘எஸ்’ ஒலிப்பதில்லை. ‘லூர்த்’ என்றே ஒலிக்கும். தமிழில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாது. ஆதலால் உகரம் சேர்ந்து ‘லூர்து’ ஆயிற்று. பின்னர் அதையே ஆங்கில எழுத்தில் எழுத வேண்டி வந்தபோது நம் மக்கள் முதலில் எல், பிறகு ஓ, யூ, ஆர், டி, யூ என்று எழுதினர். இதைக் காணும் அந்நியர் ‘லவுர்டு’ என்று வாசிப்பர், சிலர் நகைப்பர். ஆயினும் கூர்ந்து பார்த்தால், அப்பெயரின் நடுவிலுள்ள ‘ஓ, யூ’ பிரெஞ்சு நாட்டு எழுத்து. இறுதியில் நிற்கும் ‘யூ’ தமிழ்க் குற்றியலுகரம். ஒரு சிறுமியின் பெயரில் இரண்டு மண்ணும் கைகோத்து நிற்கின்றன. இதைப் பிழை என்பது எவ்வாறு?

தமிழ் எழுத்தும் இப்பெயர்களுக்காக இடம் விட்டுக் கொடுத்துள்ளது. லகரமும் ரகரமும் சொல்லுக்கு முதலில் வாரா என்பது மரபு. அதனால்தான் இராயப்பர் என்றும் உரோமை என்றும் எழுதினோம். லூர்துவோ அந்த மரபை மீறியே நம் நாவில் அமர்ந்தது. வடஎழுத்தைத் தவிர்க்கும் வழக்கத்தால் நமக்குச் செபமாலை, பிறருக்கு ஜெபமாலை. ஆங்கிலத்தில் அப்பெயருக்கு ‘எஸ்’ இடுவதா ‘ஜே’ இடுவதா என்பதில் உடன்பிறந்த அக்காளும் தங்கையும்கூட வேறுபடக் கூடும்.

தெரேசா என்னும் பெயரும் இவ்வகையில் எண்ணத்தக்கது. அதன் முதலெழுத்து குறில், இரண்டாவது நெடில். ஓலைச்சுவடிகளில் எகரமும் ஏகாரமும் பெரும்பாலும் ஒரே கொம்பால் எழுதப்பட்டன. வீரமாமுனிவர் (1680–1747) கொம்பைச் சுழித்து நெடிலைத் தனித்துக் காட்டினார். இன்று நம் தெரேசாக்கள் தம் பெயரை ஐயமின்றி எழுதுவது அம்முனிவரின் கொடை எனலாம்.

இவை அனைத்திற்கும் மேலான சான்று நற்செய்தியிலேயே உண்டு. புனித லூக்கா தம் நூலின் முதல் அதிகாரத்தில் அன்னையின் பெயரைப் பெரும்பாலும் எபிரேயச் சாயலில் ‘மரியாம்’ என்று எழுதுகிறார். 41-ஆம் வசனத்திலோ கிரேக்க முறைப்படி ‘மரியா’ என்கிறார். ஆண்டவரின் தாய்க்கே தூய நூல் இரண்டு எழுத்துவடிவம் தருகிறது. பின்னர் போர்த்துகீசியர் தந்த மரியா நம்மிடையே மரியம்மாள் ஆனார். ஆங்கிலேயர் தந்த மேரியும் உடன் சேர்ந்தார். ஆனால் அழைக்கப்பட்டவர் ஒருவரே.

மரபால் வரும் எழுத்து வேறு. அதிர்ஷ்டத்திற்காகச் சேர்க்கும் எழுத்து வேறு என்பதையும் இங்குக் கூற வேண்டும். மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதா அவர்கள் 2001-இல் தம் பெயரின் ஆங்கில வடிவில் இறுதியில் மேலும் ஒரு ‘ஏ’ சேர்த்துக்கொண்டார். எண்கணித நம்பிக்கையே காரணம் என்று அன்று பேசப்பட்டது. தமிழில் அப்பெயர் ஒரு புள்ளியும் மாறவில்லை. நம் குடும்பங்களிலும் சிலர் எண்கணிதம் பார்த்துக் குழந்தையின் பெயரில் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் வருகின்றனர். திருமுழுக்கில் தந்தையாம் கடவுளின் பிள்ளையாகிய குழந்தைக்கு எழுத்தின் எண்ணிக்கை என்ன காவல் தரும்?

எழுத்தைச் சீராக்குவது அரசுக்கே எளிதாயில்லை. 2020 ஜூன் மாதம் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. மயிலாப்பூரும் அதில் அடங்கும். சில நாள்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. பழகிய எழுத்தோடு மக்களின் நினைவும் ஆவணமும் பிணைந்திருக்கின்றன அல்லவா?

ஆயினும் அன்றாட இன்னலை நாம் சிறிதாக எண்ணலாகாது. ஓர் எழுத்து மாறியதால் கடவுச்சீட்டுக்காக அலையும் மகளுக்கு வரலாறு மட்டும் ஆறுதல் ஆகாது. 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பள்ளி முதல் பணி வரை அடிப்படை ஆவணமாகிறது. அதில் பெயர் சேர்க்கப் பதினைந்து ஆண்டுகள் வரை சட்டம் இடம் தருகிறது. முதல் பன்னிரண்டு மாதங்களுக்குக் கட்டணமும் இல்லை. பெற்றோர் நிதானமாக ஓர் எழுத்துவடிவத்தைத் தேர்ந்து, பிறப்புச் சான்றிதழிலும் திருமுழுக்குப் பதிவேட்டிலும் பள்ளியிலும் அதையே எழுதுவித்தல் நலம்.

பதிவேட்டை எழுதுவோருக்கும் ஒரு கடமை உண்டு. குழந்தையின் பெயரைக் கேட்டவுடன் நமக்குப் பழகிய எழுத்தை எழுதாமல், ‘எப்படி எழுதுவீர்கள், அம்மா?’ என்று கேட்க வேண்டும். செக்கரியாவின் உறவினர் குழந்தைக்குத் தமக்குப் பழகிய பெயரையே இட விரும்பினர். அவரோ எழுதுபலகை கேட்டு வாங்கி, இறைவன் குறித்த பெயரையே எழுதினார். அப்போதே அவர் நா கட்டவிழ்ந்தது.

பாட்டியின் பெயரைத் தாங்கி, அவர் எழுதியவாறே எழுதிவரும் ஒரு லூர்து மேரி, அதற்காக நாணத் தேவையில்லை. கேட்பவருக்கு எழுத்தெழுத்தாய்ச் சொல்ல வேண்டியிருப்பின் சொல்லட்டும். அவள் சொல்வது ஓர் ஏழைச் சிறுமி கண்ட காட்சியின் கதை. அதைத் தமிழ் நாவில் ஏற்றுக்கொண்ட ஒரு குடும்பத்தின் கதை.