2016 தேர்தல்: கணிப்பும் முடிவும்

2016 மே 16, தமிழக சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. அன்று மாலையே எக்ஸிட் போல் முடிவுகள் வந்துவிட்டன. ஆக்சிஸ் மை இந்தியா தி.மு.க. அணிக்கு 124 முதல் 140 இடங்கள் என்றது. சி-வோட்டரோ அ.தி.மு.க.வுக்கு 139 என்றது. மே 19-ல் எண்ணினால் அ.தி.மு.க. 134, தி.மு.க. அணி 98!

இத்தனைக்கும் இரு அணிகளின் வாக்கு வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான். கணிப்பாளர்கள் மக்களிடம் கேட்பது ஓட்டை, டிவியில் சொல்வது சீட்டை. சறுக்குவது இந்தக் கணக்கில்தான்.

அச்சன்புதூர் இருக்கும் கடையநல்லூர் தொகுதியையே பாருங்கள். தி.மு.க. அணியின் முஸ்லிம் லீக் வேட்பாளர் முகமது அபூபக்கர் வென்றது வெறும் 1,194 வாக்குகளில். ஒரு 600 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் முடிவே வேறு. ஒரே வாக்குச்சாவடிக்குள் அடங்கிவிடும் இந்த 600 பேர், மாநிலம் முழுக்க எடுக்கும் சர்வேயில் எப்படி அகப்படுவார்கள்?