கல்லும் கடலும்

கொடும்பாளூர் வேளிர் குலத்துச் சிறிய வேளான், சுந்தர சோழன் காலத்து ஈழப்போரில் மாண்டதைக் கல்வெட்டு இன்றும் கூறுகின்றது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1942 ஏப்ரல் 9 அன்று, அதே ஈழத்தில் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைந்த போர்க்கால விமானத்தளத்திலிருந்து பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் எழுந்தன. திரிகோணமலையைத் தாக்கிய சப்பானியக் கடற்படையைத் தேடிச் சென்று, 'அகாகி' என்னும் விமானந்தாங்கிக் கப்பல்மீது குண்டு பொழிந்தன, ஒன்றும் படவில்லை. 5 விமானங்கள் திரும்பவில்லை. விமானத்திற்கு மூவராகச் சென்றோர் கடலோடு போயினர்.

அந்த ஓடுபாதை இன்றில்லை. தென்கிழக்காசியப் பகுதிகளில் கல்லறையின்றி மறைந்த வானூர்தி வீரர் பெயர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகம் தாங்கி நிற்கின்றது.

வென்றவர் பெயரை வரலாறு தானே காக்கும். வெல்லாமல் மாண்டவர் பெயரைக் காப்பது வாழ்வோர் கடன். சிறிய வேளானுக்கு அக்கடனை முன்னோர் மறவாது செய்தனர்.