சொசைட்டி பிறந்த கதை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஏ.ஜி.எம். என்று நோட்டீஸ் போட்டால் பத்தே காலுக்கு செக்ரட்டரியும் ட்ரெஷரரும் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். கோரம் இல்லை என்று அரை மணி ஒத்திவைப்பு. பத்தரைக்கு அதே நாலு பேருடன் நாலு பேர் சேர்ந்துகொள்ள, கூட்டம் தொடங்கும். தண்ணீர், லிஃப்ட், கார் நிறுத்துமிடம், மேல்மாடி ஒழுகல், பாக்கி வைத்திருப்பவர் பட்டியல். மும்பையில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற ஊர்களில் பெயர் அசோசியேஷன் என்று மாறும், சண்டை மாறாது.

முலுண்டில் இருபது வீடுகள் கொண்ட ஒரு சொசைட்டியில் 1984 முதல் குடியிருக்கிறேன். அதில் ஒன்பது வருஷம் கௌரவ செக்ரட்டரி. அந்த நாட்களில் நான் செய்த ஒரு தவறுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

எங்கள் நான்காவது மாடியில் ஒரு மாமா இருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். 2005ல் ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்து காலமானார். மெயின்டனன்ஸ் பத்து மாத பாக்கி. பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாமிக்கு நான் ஒரு கடிதம் அனுப்பினேன். பாக்கிக்கு 21 சதவீத வட்டி, ஷேர் சர்டிபிகேட்டைப் பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும், பிள்ளைகளின் சம்மதக் கடிதமும் வேண்டும். எல்லாம் சட்டப்படிதான். கையெழுத்தும் என்னுடையதுதான்.

மாமி ஒரு துணிப்பையுடன் நாலு மாடி இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "நாமினேஷன் ஃபாரம் குடுத்தாச்சுன்னு அவர் சொல்லிண்டே இருப்பார். நீங்களும் அப்போ கமிட்டியிலே இருந்தேளே, ஞாபகம் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. அன்று இரவு சொசைட்டியின் பழைய இரும்பு அலமாரியைக் குடைந்தேன். 1988ல் மாமா கொடுத்த ஃபாரம் ஒரு பழைய ஃபைலில் அப்படியே இருந்தது. ஆனால் மினிட்ஸ் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நாமினேஷன் பதிவேட்டில் அந்தப் பக்கம் காலி. அந்த வருஷம் மினிட்ஸ் எழுதும் பொறுப்பு யாருடையது என்று பார்த்தேன். என்னுடையது.

கமிட்டியைக் கூட்டி ஃபாரத்தைப் பதிவு செய்து, மாமி பெயருக்குப் பங்கை மாற்றினோம். பொதுக்குழு வட்டியைத் தள்ளுபடி செய்தது. விஷயம் முடிந்துவிட்டது என்று மற்றவர்கள் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு கேள்வி மிஞ்சியது. பணம் கொடுத்து வாங்கிய வீட்டில் கணவன் போனபின் மனைவி இருப்பதற்கு, பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடித் தீர்மானம் போடுவானேன்? இந்த சொசைட்டி என்கிற ஏற்பாடு எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை நம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கதை பிளேக் நோயில் தொடங்குகிறது. 1896ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. துறைமுகத்தை ஒட்டிய நெரிசலான தெருக்களில் ஜனங்கள் மடிந்தார்கள். லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். 1898ல் அரசு பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை உண்டாக்கியது. நெரிசலை இடித்துத் தெருக்களை அகலப்படுத்துவதும், வடக்கே காலி நிலத்தில் புதுப் பேட்டைகளை அமைப்பதும் அதன் வேலை. தாதர், மாதுங்கா, வடாலா, சயான் எல்லாம் அப்படித் திட்டம் போட்டு எழுந்தவை.

ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் சர்க்கார் ஆபீஸ்களிலும் குமாஸ்தா வேலை தேடி வந்த தென்னிந்தியர்கள், 1920களிலும் 30களிலும் மாதுங்காவில் குடியேறியது இந்தத் திட்டத்தால்தான். அன்றைய பம்பாயில் சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைத்தது சால் எனப்படும் ஒற்றை அறை. குழாயும் கக்கூசும் பொது. மாதுங்காவின் மூன்று மாடிக் கட்டடங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிச் சமையலறை, தனிக் குழாய், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். தாத்தா காலத்து ஆசாரத்துக்கு இந்தக் கடைசி விஷயம் சங்கடம்தான், ஆனாலும் பழகிக்கொண்டார்கள். 1932ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்ததும் அந்த மாதுங்காவில்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். கூரை ஒழுகினால் வீட்டுக்காரரிடம் போய் நிற்பார்கள். கூட்டம் கிடையாது, மினிட்ஸ் கிடையாது.

சொந்தமும் இல்லாத வாடகையும் இல்லாத மூன்றாவது வழியைக் காட்டியவர்கள் நம் மேற்குக் கரைச் சகோதரர்களான சாரஸ்வதர்கள். 1904ல் வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் கொடுத்தது. 1912ல் வந்த சட்டம் மற்ற சங்கங்களுக்கும் கதவைத் திறந்தது. 1906ல் ஷாம்ராவ் விட்டல் கூட்டுறவு வங்கியைத் தொடங்கிய ராவ் பகதூர் எஸ்.எஸ். தல்மாகி, 1915ல் காம்தேவியில் சாரஸ்வத கூட்டுறவு வீட்டுச் சங்கத்தை அமைத்தார். பெங்களூரில் 1909லேயே கட்டடக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று உண்டு. ஆனால் பம்பாயின் அடுக்குமாடி வாழ்க்கைக்கு அச்சாக அமைந்தது காம்தேவிதான்.

அவர்கள் செய்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் மாமியின் விஷயமும் புரியும். நிலமும் கட்டடமும் சங்கத்தின் சொத்து. அங்கத்தினர் சங்கத்தில் பங்கு வாங்குகிறார். அந்தப் பங்கின் பலத்தில் ஒரு வீட்டில் குடியிருக்கிறார். அதாவது எல்லோரும் சேர்ந்து வீட்டுக்காரர், ஒவ்வொருவரும் தனித்தனியே குடித்தனக்காரர். பெயர் மாற்றம் என்றால் வீட்டின் பெயர் மாற்றம் அல்ல, பங்கின் பெயர் மாற்றம். அதனால்தான் கமிட்டி தீர்மானம் வேண்டியிருக்கிறது. "என் வீட்டில் நான் எதையும் செய்வேன்" என்று மீட்டிங்கில் கத்துகிறவர் பாதி வீட்டுக்காரர்தான் என்பதை மறந்துவிடுகிறார். "எங்கள் அனுமதி இல்லாமல் நீ ஆணிகூட அடிக்கக் கூடாது" என்கிற கமிட்டியோ, அவரும் வீட்டுக்காரர்தான் என்பதை மறந்துவிடுகிறது. நான் கடிதம் எழுதியபோது மறந்தது இந்த இரண்டாவது விஷயத்தை.

காம்தேவியில் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், ஒரே சமூகத்தார், தாங்களாகச் சேர்ந்து கட்டினார்கள். நம் காலத்து சொசைட்டி அப்படி அல்ல. 1947ல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பர் அளவில் நிறுத்தி வைத்தது. குடித்தனக்காரருக்குப் பாதுகாப்பு, ஆனால் வாடகைக்கு விட வீடு கட்டுவதில் லாபம் இல்லாமல் போயிற்று. பக்டி என்ற பெயரில் முன்பணம் கைமாறியது. பில்டர்கள் வீட்டை வாடகைக்கு விடாமல் விற்கத் தொடங்கினார்கள். ஓனர்ஷிப் ஃப்ளாட் என்ற சொல் அப்போது பரவியதுதான். மகாராஷ்டிரம் 1960ல் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தையும் 1963ல் ஓனர்ஷிப் ஃப்ளாட்ஸ் சட்டத்தையும் இயற்றியது. பில்டர் கட்டுவார், வாங்கியவர்கள் பிற்பாடு சங்கமாகப் பதிவாவார்கள், பில்டர் நிலத்தை அந்தச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதிக் கொடுக்காத பில்டர்கள் ஏராளம். சங்கம் இருக்கும், கட்டடம் இருக்கும், காலடி நிலம் மட்டும் இன்னொருவர் பெயரில். இதற்காகவே 2008ல் சட்டத்தைத் திருத்தி, பில்டர் வராவிட்டாலும் அதிகாரியே நிலத்தை மாற்றிக் கொடுக்கும் டீம்ட் கன்வேயன்ஸ் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆக, ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுக்காத இருபது குடும்பங்கள் ஒரு சொத்துக்குக் கூட்டாளிகள் ஆனோம். நம் சண்டைகளுக்கு வேர் இங்கே இருக்கிறது. நம்முடைய குணக்கேடு மட்டும் காரணம் இல்லை என்று கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம்.

ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு பழைய சண்டைக்குக் கிடைத்த சமாதானம்தான். தரைத்தளத்தில் இருப்பவர் லிஃப்டுக்கு ஏன் பணம் தர வேண்டும்? மகாராஷ்டிர மாதிரி விதிகளின்படி, லிஃப்ட் உள்ள கட்டடத்தில் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் செலவு எல்லோருக்கும் சமம். வாட்ச்மேன் சம்பளம், பொது விளக்கு போன்ற சேவைச் செலவும் வீட்டுக்கு வீடு சமம். பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேதம் இல்லை. தண்ணீர் மட்டும் குழாய்களின் எண்ணிக்கையையும் அளவையும் பொறுத்தது. எதிர்காலத்துக்கான சிங்கிங் ஃபண்டுக்குக் கட்டுமானச் செலவில் வருஷத்துக்குக் குறைந்தது கால் சதவீதம் ஒதுக்க வேண்டும். மெயின்டனன்ஸைக் குறைத்துவிட்டோம் என்று மார்தட்டும் கமிட்டிகள் முதலில் கைவைப்பது இந்தக் கால் சதவீதத்தில்தான். பிள்ளைகள் காலத்தில் தூண் விரிசல் விட்டபின் அதன் விலை தெரியும்.

மாற்றலாகிப் போகும் உத்தியோகம் பார்த்த நம்மவர்கள் பலர் அனுபவித்த தொல்லை ஒன்று. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாக்பூருக்கோ கல்கத்தாவுக்கோ போனால், சொசைட்டி வாடகையில் ஒரு பெரிய பங்கையே கேட்கும். 2001 ஆகஸ்டில் மகாராஷ்டிர அரசு உத்தரவு போட்டது: இந்தக் கட்டணம் சேவைச் செலவில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வழக்கு பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போய், 2007ல் அரசு உத்தரவு நின்றது. கார் நிறுத்துமிடத்துக்கும் அப்படியே. தூண்களுக்கு அடியில் உள்ள இடத்தை பில்டர் தனியாக விற்க முடியாது, அது எல்லோருக்கும் பொது என்று 2010ல் ஒரு பம்பாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கார் அதிகம், இடம் குறைவு என்றால் சீட்டுக் குலுக்கல்தான்.

சீட்டுக் குலுக்கல் என்றதும் நமக்கு உத்திரமேரூர் நினைவு வராமல் போகாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், அந்த ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆள் எடுத்த விதத்தைச் சொல்கின்றன. முந்தைய மூன்று வருஷங்களில் வாரியத்தில் இருந்தவர் உடனே மறுபடி வரக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரவே கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. நிலமும் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இடம் கொடுத்த சபை அது. அதை அப்படியே போற்றிப் பாடத் தேவையில்லை. ஆனால் கணக்கு விஷயத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முன் கல்லில் வெட்டியதை நாம் காகிதத்தில்கூட எழுதி வைப்பதில்லை.

மற்ற ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் கதை வேறு. அங்கே வீட்டுடன் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு உங்கள் பெயரிலேயே பதிவாகிறது. அசோசியேஷன் பராமரிப்புக்கு மட்டும். அங்கே அடுக்குமாடிச் சட்டம் 1994ல் வந்து, 2022ல் புதிதாக இயற்றப்பட்டது. கர்நாடகச் சட்டம் 1972ல் வந்தது. டில்லியிலோ கூட்டுறவு குரூப் ஹவுசிங் முறை பிரபலம். உங்கள் காலடி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மறுபடி மாமியிடம் வருகிறேன். நாமினி என்றால் சொந்தக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 2016ல் மேற்கு வங்க வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட், சங்கம் நாமினி பெயருக்குப் பங்கை மாற்றியே ஆக வேண்டும், ஆனால் மற்ற வாரிசுகளின் உரிமை அதனால் போகாது என்று தெளிவாக்கியது. மகாராஷ்டிரத்தில் 2019ல் செய்த திருத்தம், வாரிசு சேரும் வரை நாமினியைத் தற்காலிக அங்கத்தினராக ஏற்கச் சொல்கிறது. ஆகவே நாமினேஷனும் வேண்டும், உயிலும் வேண்டும். முடிந்தால் வாங்கும்போதே மனைவி பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

நாமினேஷன் ஃபாரம் கொடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கமிட்டி கூட்டத்தில் பதிவானதா, மினிட்ஸில் ஏறியதா என்று கேட்டு, செக்ரட்டரி கையெழுத்துடன் நகல் வாங்கி, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வீட்டில் உள்ளவளிடம் சொல்லி வையுங்கள். கமிட்டியில் இருக்கும் அன்பர்கள் அடுத்த கூட்டத்தில் நாமினேஷன் பதிவேட்டை ஒரு முறை பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். காலிப் பக்கம் எதுவானாலும் அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது.

மாமி 2014 வரை அந்த நான்காவது மாடியிலேயே இருந்தாள். லிஃப்ட் வந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். தரைத்தளத்துக்காரர்களும் பங்கு கொடுத்தார்கள், பொதுக்குழுவில் மூன்று மணி நேரம் பேசிய பிறகு. அதில் முதலில் ஏறி இறங்கியவள் மாமிதான். கீழே வந்து என் வீட்டு மணியை அடித்து, "இன்னிக்கு மினிட்ஸ்லே எழுதிட்டேளா?" என்று கேட்டாள். எழுதியிருந்தேன்.