அரிப்பு வாடிவீடும் அல்லி ராணியும்

மன்னாரிலிருந்து சிலாவத்துறைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, "அல்லி ராணிக் கோட்டையடியில இறக்கி விடுங்கோ" என்றோம். கொண்டக்டர் திருப்பிக் கேட்டார்: "எந்தக் கோட்டை தம்பி?" நாங்கள் நாலு பேரும் முழித்தோம். அரிப்பில் அந்தப் பெயர் இரண்டு இடங்களுக்கு இருக்கிறது. ஒன்று போர்த்துக்கேயர் கட்டிய சின்னக் கோட்டை. மற்றது, அதற்குச் சற்றுத் தெற்கே கடலோர மேட்டில் பாதி இடிந்து நிற்கிற கட்டடம். இரண்டுமே ஒரு காலத்தில் வெளியாட்கள் வந்து தங்கிப்போன இடங்கள். இரண்டிலும் எந்த ராணியும் தங்கவில்லை. ஆனாலும் ஊரில் பேய்க்கதை எண்டால் அது ராணியின் கதைதான்.

முதலில் கோட்டை. 1658இல் அது ஒல்லாந்தரின் கைக்கு மாறியது. அங்கு வந்து சேர்ந்தவர்களில் பெயர் பெற்றவர் றொபர்ட் நொக்ஸ். கண்டி அரசனிடம் 19 வருடங்கள் பிடிபட்டிருந்த அந்த ஆங்கிலேயர், 1679இல் ஒரு தோழருடன் அருவி ஆற்றின் கரை வழியே காட்டுக்குள்ளால் நடந்து தப்பி, அரிப்பில் ஒல்லாந்தரிடம்தான் அடைக்கலமானார். பிறகு ஆங்கிலேயர் காலத்தில் அந்தக் கோட்டை வாடிவீடாக மாறியது. பீரங்கிக்காகக் கட்டிய சுவருக்குள்ளே பயணிகள் படுத்தெழும்பினார்கள். யுத்தத்தோடு அதுவும் கைவிடப்பட்டது.

மற்றக் கட்டடம்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது. இலங்கையின் முதலாவது ஆங்கிலேய ஆளுநர் பிரெட்றிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய வரும்போது தங்குவதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை அது. கிரேக்கக் கோயில் மாதிரித் தடித்த தூண்கள். அதனாலேயே அதற்கு 'டொரிக்' எண்டு பெயர். செங்கல்லால் கட்டி, சிப்பி சுட்ட சுண்ணாம்பால் சலவைக்கல் போல மெழுகியிருந்தார்கள். இந்தத் தீவிலேயே மிக அழகான கட்டடம் என்று அக்காலத்துப் பாதிரியார் ஜேம்ஸ் கோடினர் 1807இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார்.

அதில் ஒரு பகிடி இருக்கிறது. 1796 முதல் 1798 வரை மூன்று வருடம் தொடர்ந்து முத்துப்பார்களை அள்ளி, கிட்டத்தட்டத் துடைத்தெடுத்துவிட்டார்கள். மாளிகை எழும்பியது அதற்குப் பிறகு. சிப்பி குறைந்த கடலைப் பார்த்தபடிதான் ஆளுநர் மாடியில் இருந்திருக்க வேண்டும்.

அப்ப அல்லி எங்கிருந்து வந்தாள்? புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிற அல்லி அரசாணி மாலையில் அவள் மதுரையை ஆண்ட பாண்டிய இளவரசி. ஆண்வாடை பிடிக்காதவள். அருச்சுனன் அவளைத் தந்திரத்தால்தான் மணக்கிறான். பாண்டியர் என்றால் முத்து. முத்து என்றால் மன்னார்க் கடல். அந்த வழியால் அவள் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்திருப்பாள். தெற்கே குதிரைமலையிலிருந்து அவள் ஆண்டாள், முத்தைக் கொடுத்து அரபிகளிடம் குதிரை வாங்கினாள் என்றும் கதை உண்டு. ஊர்க்காரர் நோர்த்தின் பெயரை மறந்துவிட்டு, அவர் வீட்டைத் தூக்கி அல்லியிடம் கொடுத்துவிட்டார்கள். சரித்திரப்படி பிழைதான். ஆனால் எங்களுக்கு அது பிடித்திருந்தது.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் ஐயா சொன்னார்: "சின்னனில பொழுதுபட்டா அந்தப் பக்கம் போக விடமாட்டினம். ராணி தூணுக்கிடையில நடப்பாவாம்." எங்களோடு வந்த நண்பியின் உம்மும்மா முசலிப் பக்கத்தைச் சேர்ந்தவர், இப்போது புத்தளத்தில் இருக்கிறார். அவரிடம் ராணி இல்லாத ஒரு கதை இருந்தது. காற்று விழுந்த இரவுகளில் கடலுக்குள் கல் விழுகிற சத்தம் கேட்குமாம்; ஒன்று, இரண்டு எண்டு எண்ணினால் எண்ணி முடியாதாம்.

அந்தக் கல் என்னவென்று பிறகுதான் விளங்கியது. முத்துக் குளிக்கிறவர் காலில் கல்லை மாட்டிக்கொண்டுதான் கடலடிக்கு இறங்குவார். வள்ளத்தில் ஓராள் கயிறு பிடிப்பார். கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்தாரும் அரபிகளும் இங்கே வந்து குளித்தார்கள். சுறா கடிக்காமல் மந்திரிக்கக் 'கடல்கட்டி' என்றொருவரை அரசாங்கமே வைத்திருந்தது. 1905 அளவில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மிச்சம்தான் குளித்தவருக்கு. சிப்பியைக் 'கொட்டு' எனும் அடைப்புகளில் அழுகவிடுவார்கள். நாற்றமும் இலையானும், சில வருடங்களில் கொலராவும். ராணி நடக்கிறதோ இல்லையோ, இந்தக் கரையில் செத்தவர்கள் உண்மை.

அவர்களை எழுத்தில் கொண்டுவந்தவரும் ஒரு வெள்ளைக்கார அதிகாரிதான். லெனாட் வூல்ஃப் 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் வேலை செய்தார். அந்த அனுபவத்திலிருந்து எழுதிய ஒரு சிறுகதையில், ஒரு வெள்ளைக்காரன் வெறி முற்றி, தான் செய்த கொடுமைகளையெல்லாம் இரவு முழுக்கப் பிதற்றிச் சாகிறான். அதே முகாமுக்கு, கடலில் செத்துப்போன ஓர் அரபிக் குளியாளின் உடலும் வந்து சேர்கிறது. இந்தக் கரையின் நல்ல பேய்க்கதை எங்களுக்கு அதுதான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முசலி, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி மக்களும் புத்தளம் பக்கம் போனார்கள். 2007இல் இராணுவம் இந்தப் பகுதியைப் பிடித்தபோது எஞ்சியிருந்தவர்களும் இடம்பெயர்ந்தார்கள். ராணி அரிப்பில் நின்றுவிட, கல் விழுகிற சத்தம் புத்தளத்துக்குப் போனது அப்படித்தான். ஒரே கரையின் கதை இரண்டாய்ப் பிரிந்து, இரண்டு ஊரில், ஒன்றையொன்று தெரியாமல் இருக்கிறது.

நாங்கள் போன அன்றும் கடல் மேட்டின் அடியை அரித்துக்கொண்டிருந்தது. மாளிகையின் ஒரு பக்கம் ஏற்கெனவே கீழே சரிந்து கிடக்கிறது. மிச்சத்தையும் கடல் எடுக்கும். தொல்லியல் அறிவிப்புப் பலகை அலையைத் தடுக்காது. தூணைக் காப்பாற்ற எங்களாலும் ஏலாது. ஆனால் அந்த ஐயாவின் கதையை உம்மும்மாவுக்கும், உம்மும்மாவின் கதையை ஐயாவுக்கும் கொண்டுபோய்ச் சொல்ல ஏலும். ஒன்றைச் சொல்லிவிட்டோம். உம்மும்மா கேட்டுச் சிரித்துவிட்டு, "ராணியா? அது வெள்ளைக்காரன்ட வீடெல்லா" என்றார். அடுத்த விடுமுறைக்கு அரிப்புக்குத் திரும்பவும் போகிறோம்.